உறை பிரித்த வெள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், அங்கே நீயும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும் என்று முதல் வரியை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதிப் பழக்கம், இந்தத் தடவை அந்த ஒரு வரியை எழுதுவதற்குள் பேனாவை நாலு முறை கீழே வைத்துவிட்டேன். எழுதியாகிவிட்டது, இனி அது பலிக்கட்டும். ஃபோனில் பேசினால் பக்கத்தில் உன் வீட்டுக்காரர் இருக்கிறாரோ என்னவோ, நீ சாப்பிட்டேன் தூங்கினேன் என்று பாடம் ஒப்பிக்கிறாய், செய்தி அனுப்பினால் அதையும் அவர் எடுத்துப் பார்க்கிறார் என்கிறாய். அதனால் நீ சொன்னபடியே உன் வேலை இடத்து முகவரிக்கு இதைப் போடுகிறேன். நீ என்னிடம் கேட்டது, அந்த இரண்டு அறை வீட்டுக்கு மாத முடிவுக்குள் முன்பணம் கட்டினால்தான் சாவி தருவார்கள், அதற்கு அப்பாவிடம் இருக்கிற உன் வெள்ளியை விற்று அனுப்ப வேண்டும், எதற்கென்று அப்பாவுக்குத் தெரியக் கூடாது. கேட்பதற்கு என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பாதியில் கோபித்துக்கொண்டு மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படி.

இந்த வெள்ளிக் கதையில் உனக்குத் தெரிந்தது பாதிதான். நீ வேலைக்குப் போன நாளிலிருந்து உன் சம்பளத்தில் தனியாக ஒதுக்கி அனுப்பியதை எல்லாம் அப்பா வெள்ளியாக மாற்றி வைத்தார் என்பது உனக்குத் தெரியும். வங்கியில் போடலாமே என்றால், "வங்கியில போட்டா தாள்ல வெறும் எண்ணுதான் இருக்கும், அதைக் கையில தூக்கிப் பார்க்க முடியுமா" என்பார். காலமெல்லாம் கடை கடையாகப் போய்த் தராசு பழுது பார்த்த மனிதர், தட்டில் வைத்து நிறுக்க முடியாத எதன் மேலும் அவருக்கு நம்பிக்கை வராது. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு வைத்திருக்கும் அந்த நாணயக் கடைக்குத்தான் போவார், அந்தக் கடைக்காரருக்கு மினுக்கு என்று பெயரே வைத்துவிட்டார். அங்கே வெள்ளிக் கட்டியும் நாணயமும் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வரும், உறை மேல் உருக்கிய ஆலையின் முத்திரையும் எண்ணும் இருக்கும். உனக்குத் தெரியாத பாதி என்னவென்றால், வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா என் தையல் கத்திரியை எடுத்து அந்த உறையை வெட்டிப் பிரித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். உறையோடு நிறுத்தால் உறையின் எடையும் சேர்ந்து வருமாம், கணக்கு சுத்தமாக இருக்காதாம். பிரித்து, தன் சின்னத் தராசில் வைத்து, முள் நேராக நின்றதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பார், எங்கள் கல்யாணத்தில் கூட நான் அதைப் பார்த்ததில்லை. உறைகள் குப்பைக்குப் போயின. என் நல்ல கத்திரி முனை மழுங்கி ஓய்ந்தது. கட்டிகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க லைனிங் துணியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்குப் பை தைத்துக் கொடுத்தது நான்தான், ஆகவே இந்தக் கூத்தில் எனக்கும் பங்கு உண்டு, அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை.

சில மாதமாக வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் மினுக்கின் கடை துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார், கட்டி இல்லை, நாணயம் வந்தால் ஆளுக்கு ஒன்று, விலை வாங்கும் நேரத்தில் சொல்லப்படும் என்று. சரக்கு வரும் நாளில் தெருமுனை வரை வரிசை நிற்கும். ஆளுக்கு ஒன்று என்பதால் உன் அப்பா என்னையும் கூட்டிப் போய், "என்னைத் தெரியாத மாதிரி தள்ளி நில்லு" என்பார். அந்தக் கடைக்காரர் எங்களை இத்தனை வருஷமாகப் பார்க்கிறவர், என் முறை வந்ததும், "என்னம்மா, இன்னிக்கு ஐயாகூட சண்டையா" என்று கேட்டுவிட்டு ஒன்றை எடுத்துத் தருவார். சுவரில் இருக்கும் பலகையில் ஒரு விலை ஓடும், கல்லாவில் அதற்கு மேல் ஒரு விலை சொல்வார். கேட்டால், பலகை விலை வெள்ளிக்கு, மேலே இருப்பது கையில் கிடைப்பதற்கு என்பார். பலகை விலைக்குப் பலகையைத்தான் வாங்கலாம் போல என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன், வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஊரே இல்லை இல்லை என்று திரும்பிப் போகிற சாமான் நம் அலமாரியில் நிறைந்து கிடக்கிறது என்று அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ கேட்டாய். நான் அவரிடம் கூரை ஒழுகுகிறது, விற்றுச் சரி செய்யலாம் என்று ஒரு பொய்யை அவிழ்த்து விட்டேன். "கடையிலயே கிடைக்காத பொருளை எவனாவது விப்பானா, ஒழுகற இடத்துல வாளியை வை" என்று முடித்துவிட்டார். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று நாலு பையை எடுத்து, தைத்துக் கொடுக்க வேண்டிய துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மினுக்கு காந்தத்தை வைத்துப் பார்த்தார், தடிமன் அளந்தார், பூதக்கண்ணாடியை எடுத்தார், அப்புறம் அதைக் கீழே வைத்துவிட்டு, "உறை எங்கம்மா" என்றார். வெட்டிவிட்டார் என்றேன். எடையெல்லாம் துல்லியமாக இருக்கும், வீட்டிலேயே நிறுத்திருக்கிறார் என்றும் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எடையை யாரும்மா சந்தேகப்பட்டா, உள்ள இருக்கிறது முழுக்க வெள்ளின்னு அந்த உறைதானே சாட்சி சொல்லுது" என்றார். உறையோடு இருந்தால் வெளியே நிற்கிறவர்களுக்கு அப்படியே கைமாற்றிவிடலாம், பலகை விலையை ஒட்டியே தருவாராம். உறை இல்லாததை உருக்கிச் சோதிக்கத்தான் அனுப்ப வேண்டும், உருக்குகிற இடத்திலும் இப்போது வரிசையாம், அதனால் பழைய வெள்ளிப் பாத்திரத்துக்குத் தருகிற விலைதான், அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான். நீங்கள் விற்றதுதானே ஐயா என்று நான் எகிறினேன். "வித்தது நான்தான், வித்தது இதுதான்னு நான் எப்படிம்மா சொல்றது" என்றார். கெட்ட மனிதர் இல்லை, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார், ஆனால் விலையை ஏற்றித் தரவில்லை. வேறு இரண்டு கடை ஏறி இறங்கினேன், ஒருவர் பையை அவிழ்க்கவே விடவில்லை, இன்னொரு கடையில் இருந்த அம்மாள் கட்டியில் துளை போட்டுப் பார்த்துத்தான் விலை சொல்வேன் என்றாள். இல்லாத சரக்குக்கு அந்த விலை, இருக்கிற சரக்குக்கு இந்த விலையா என்று வயிறு எரிந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

பையைத் திரும்ப வைத்தபோது சுருக்கை நான் என் பாணியில் முடிந்துவிட்டேன், உன் அப்பா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். உறை சமாச்சாரத்தைச் சொன்னேன். நம்பவில்லை. மறுநாள் தன் சின்னத் தராசைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கே போய்விட்டார், அந்தக் கல்லா மேல் அதை வைத்து, அத்தனை பேர் முன்னால் கட்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்துக் காட்டியிருக்கிறார். யாரோ சிரித்திருக்கிறார்கள். மினுக்கு சிரிக்கவில்லை, "ஐயா, உங்க தராசு சரி, என் தொழிலுக்கு அது போதாது" என்று மட்டும் சொன்னாராம். வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதற்கடுத்து விலை இறங்க ஆரம்பித்தது. மறுபடி ஏறும், ஏறட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் வீம்பாக உட்கார்ந்துவிட்டார். உன் மாத முடிவு எனக்கு மட்டும் தெரிந்து என் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைக்குக் கை வைத்துத் தைக்கும்போது இடக் கையை வலப் பக்கம் வைத்துத் தைத்தேன் பாப்பா, அந்த நிலைமையில் இருந்தேன்.

அப்புறம்தான் நீ வேலை இடத்திலிருந்து பேசினாய். உன் வீட்டுக்காரர் கை நீட்டிவிட்டார், குட்டி பார்த்துக்கொண்டே நின்றது என்று சொன்னாய். அழாமல் சொன்னாய், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா தேடிப் பிடித்த மாப்பிள்ளை, கேட்டால் நொறுங்கிப் போவார், சொல்லாதே அம்மா என்று நீ வாங்கிய சத்தியத்தை நான் அங்கேயே உடைத்துவிட்டேன். அப்பா வாசலறையில் தராசுத் தட்டுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "எப்பலேருந்து" என்று கேட்டார். குட்டி பிறப்பதற்கு முன்னாலிருந்தே என்றேன். "விசாரிக்க வேண்டியதெல்லாம் விசாரிச்சுத்தானே..." என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை. எழுந்து முகம் கழுவினார், சட்டை போட்டார், அத்தனை சுருக்குப் பையையும் காய்கறிப் பையில் போட்டார். என் புத்தியைப் பார், இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் விலை ஏறுமோ என்னவோ என்று நானே சொன்னேன். "வா" என்றார், அவ்வளவுதான். கடையில் மினுக்கு பாவம், "ஐயா, இன்னிக்கு ரொம்பக் கம்மி, அடுத்த வாரம் வேணா..." என்று இழுத்தார். "போடுங்க" என்றார் அப்பா. கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தன் தராசில் வைக்க வைக்க, உன் அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். தக்காளி வாங்கினால் கூடத் தராசைத் தட்டிப் பார்க்கிற மனிதர், ஒரு தடவை கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன், அந்தக் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் காற்றாடியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

பணம் நீ சொன்ன, உன் பெயரில் மட்டும் இருக்கிற கணக்குக்கு வந்துவிட்டது, நீ கேட்டதில் குறைந்ததை என் தையல் காசில் சேர்த்துவிட்டேன், மறுப்பு சொல்லாதே. போய் முன்பணம் கட்டு. கிளம்புவதற்கு முன்னால் உன் பாஸ்போர்ட், வேலைத் தாள்கள், குட்டியின் பள்ளிக்கூடத் தாள்கள் எல்லாவற்றையும் வேலை இடத்தில் வைத்துவிடு, துணிமணி போனால் போகட்டும், நான் தைத்துத் தருவேன். அந்த ஆள் வேலைக்குப் போன பிறகு கிளம்பு, கூட வருகிறேன் என்று சொன்ன உன் தோழியை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பாதே, சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்கிற மரியாதை எல்லாம் இப்போது வேண்டாம். அப்பாவிடம் பேசும்போது வெள்ளி என்ன விலைக்குப் போனது என்று மட்டும் கேட்டுவிடாதே. நான் சத்தியத்தை மீறியதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள், அந்தப் புது வீட்டில் உட்கார்ந்து திட்டு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். அன்றையிலிருந்து மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. "அந்த வீட்டுக் கதவுல உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கான்னு கேட்டு எழுது" என்றார். வாடகை வீடு, பூட்டு நன்றாகத்தான் இருக்கும் என்றேன். "பூட்டு சாவி இருந்தா வெளியிலேருந்து திறந்துக்கும், நான் கேக்கறது உள்ளேருந்து போடறது. இல்லேன்னா சொல்லச் சொல்லு, நான் வந்து போட்டுத் தரேன்" என்றார். அவ்வளவு எடை அந்தரத்தில் எப்படி நிற்கும் என்று விமானத்தை நம்பாத மனிதர், குட்டி பிறந்தபோது கூட நான் தனியாகத்தானே வந்தேன், உனக்கு அந்த வருத்தம் உண்டு என்று எனக்குத் தெரியும். இப்போது கடைத்தெருவுக்குப் போய் ஒரு கெட்டித் தாழ்ப்பாள் வாங்கி வந்து, நாலு திருகாணியோடு துணியில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் எடுக்க எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்கிறார்.

நீயும் குட்டியும் பயமில்லாமல் படுத்து, பயமில்லாமல் எழுந்திருக்க வேண்டும், வேறு எதுவும் எங்களுக்கு வேண்டாம். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, வீட்டுக்குக் கொண்டுபோகாதே. வேறு எதற்குப் பதில் எழுதாவிட்டாலும் தாழ்ப்பாள் உண்டா இல்லையா என்று உடனே எழுது, இருந்தாலும் இல்லை என்றே எழுது.

என்றும் உன் நினைவாக,
அம்மா