முவாலேயின் ஃபிரிட்ஜ் வகுப்பு

ஜூலை 7, 2025, திங்கள்

கொல்கத்தாவின் ஒரு கோடியில் இருக்கும் பெஹாலாவிலிருந்து மறு கோடி நியூ டவுன் போய்ச் சேருவதற்குள் மழையில் புடவை பாதி நனைந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷமான நாள். தொழிற்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் எங்கள் மையத்தில், வெளிநாட்டுக் குழுவை முதல்முறையாக என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மலாவி, பூட்டான், எத்தியோப்பியாவிலிருந்து வந்த பாலிடெக்னிக் ஆசிரியர்கள். கடைசி நாள் ஒவ்வொருவரும் இங்குள்ள ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். டைரக்டர் மைத்ரா மேடம் வந்து பார்ப்பார். "சொதப்பினால் அடுத்த குழு டெல்லிக்குப் போய்விடும், ரோஹிணி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 9

மலாவிக்காரர் முவாலே. ஃபிரிட்ஜ், ஏசி பாடம் எடுப்பவர். நல்ல உயரம், கணீர் குரல், தங்கமான மனிதர். இன்று ஒத்திகை வகுப்பு எடுத்தார். ஸ்லைடு, ஸ்லைடு, ஸ்லைடு. பூட்டானிலிருந்து வந்த பேமா கண்ணைத் திறந்தபடியே தூங்கினார்.

"செய்து காட்டலாமே?" என்றேன்.

"மேடம், எங்கள் கல்லூரியில் மொத்த வகுப்புக்கும் ஒரே ஃபிரிட்ஜ். தொட விட்டால் உடைத்துவிடுவார்கள். பேசியே பழகிவிட்டேன்."

பிறகு, ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும் என்று நான் ஒரு மணி நேரம் பேசினேன்!

ஜூலை 13, ஞாயிறு

குழுவே வீட்டுக்குச் சாப்பிட வந்தது. முவாலே ரசத்தை டம்ளர் டம்ளராகக் குடித்தார். மகள் ஹம்சினி அவருக்கு பெங்காலி கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். "நொமோஷ்கார்" தாண்டவில்லை.

ஜூலை 17

தொண்டை போச்சு. காற்றுதான் வருகிறது. நாளைதான் கடைசி நாள் வகுப்பு. முவாலேயின் ஆங்கிலத்தை மாணவர்களுக்கு பெங்காலியில் நான்தானே சொல்லணும்? என் வீட்டுக்காரர் வேறு, "உன் வாய்க்கே லீவா? நம்பவே முடியலையே" என்று சிரிக்கிறார். விளையாட்டா இது?

ஜூலை 18

குரல் வரவில்லை. தெருவெல்லாம் மழைத் தண்ணீர். எனக்குப் பதில் மொழிபெயர்க்க வர வேண்டியவரும் வந்து சேரவில்லை. முன்வரிசையில் மைத்ரா மேடம். முவாலே என்னைப் பார்த்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கைகூப்பினேன். முடிஞ்சுதுடா சாமி —

மனுஷன் ப்ரொஜெக்டரை அணைத்தார். ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் முதுகை மாணவர்கள் பக்கம் திருப்பினார். ஒரு பெண்ணை அழைத்து ஒரு குழாயைக் காட்டினார். தொட்டவள் கையை உதறி, "கொரோம்!" என்றாள், சூடாம். இன்னொரு குழாய். "டாண்டா!" அது ஜில்லென்று இருந்ததாம். அவர் அதைத் திருப்பிச் சொன்ன அழகில் வகுப்பே உருண்டு சிரித்தது. அப்புறம் இரண்டு கையையும் விரித்து, முகத்தாலேயே கேட்டார்: ஏன்?

அவ்வளவுதான். எல்லோரும் ஃபிரிட்ஜைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரே சண்டை. மைத்ரா மேடமும் போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சண்டையில் சேர்ந்துகொண்டார்! கடைசியில் அந்தப் பெண், உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது என்று பெங்காலியில் கத்தினாள். முவாலேக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்தினேன். குதித்தார்.

முடிந்ததும் என்னிடம் மெதுவாக, "மேடம், எல்லோரும் தொட்டார்கள். ஒன்றும் உடையவில்லை" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஜூலை 21

குரல் வந்துவிட்டது. வீட்டில் கொண்டாட்டம் எதுவும் இல்லை.

ஜனவரி 12, 2026, திங்கள்

புதுக் குழு வந்துவிட்டது, கென்யா, நேபாளம். டெல்லிக்குப் போகவில்லை. வணக்கம் சொன்னேன், தையல் மெஷின் ஒன்றை நடுவில் வைத்தேன், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒரு கென்யா ஆசிரியை எழுந்து மெஷினின் மூடியைக் கழற்றினார். மற்றவர்களும் நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கினார்கள்.

வகுப்பு நேரத்தில் நான் டீயைச் சூடாகக் குடித்தது இன்றுதான்.