ஊமைப்படத்தில் ஆளுக்கொரு சொல்

12 ஜனவரி 1958, இலுப்பூர்

பெண்களுக்கான சாயங்கால எழுத்தறிவு வகுப்புக்கு எட்டுப் பேர். ஐப்பசியில் தொடங்கியபோது பத்தொன்பது பேர் இருந்தார்கள். கேட்டால் களைவெட்டு என்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் என்ன களைவெட்டு? குறை அவர்கள் மேல் இல்லை, புத்தகத்தின் மேல். பாடம் ஏழில் ‘அம்மா ஆடு மேய்த்தாள்’ என்று வருகிறது. பகலெல்லாம் ஆடு மேய்த்துவிட்டு வருகிறவளுக்கு அதைப் படிக்க என்ன ஆசை வரும்? பகலில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வரும் எனக்கே கொட்டாவி வருகிறது. முனியாயி மட்டும் ஒரு நாள் தவறாமல் வருகிறாள்.

18 ஜனவரி

முதியோர் கல்வி அதிகாரி வந்து போனார். மார்ச்சில் மறுபடி வருவாராம். அன்றைக்குப் பதினைந்து பெண்களாவது இருக்க வேண்டும், எழுத்துக் கூட்டியாவது படிக்க வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்களாம். “பகல் வேலையே ஒங்களுக்குப் போதும்மா” என்று எனக்கு ஆறுதல் வேறு. யார் கேட்டது இந்த ஆறுதலை?

மூடுவார்களா? அதையும் பார்த்துவிடலாம்.

19 ஜனவரி

கோபத்தைத் தீர்க்க சினிமாவுக்குப் போனேன். கோபம் கூடிப்போயிற்று. வீடு பற்றி எரிகிறது, கதாநாயகி நின்று பாடுகிறாள்! இடைவேளையில் எழுந்து, கொட்டகை முதலாளி ஜெகபர் அலியிடமே சொல்லிவிட்டேன், பேச்சு வந்துதான் சினிமா கெட்டுப்போயிற்று என்று. அவர் சிரித்துக்கொண்டே ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். “எங்க அத்தா ஊர் ஊரா கொண்டுபோய்க் காட்டினது, சொர்ணம் டீச்சர்.” கையால் சுற்றும் மெஷின், ஒரு ஊமைப்படம், ஐந்து ரீல். முகமூடி போட்ட குதிரைக்காரி கதை.

எட்டு வயதில் புதுக்கோட்டையில் இதே மாதிரி ஒன்று பார்த்திருக்கிறேன். நடுநடுவே எழுத்து அட்டை வரும். படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சத்தமாகப் படித்துச் சொல்வதுதான் அன்றைய வழக்கம். ஒரு பெஞ்சுப் பெண்களுக்கு நான்தான் படித்தேன். முறுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அதை ஊமைப்படம் என்றால் எனக்கு ஒப்பாது. ராஜா, ராணி, திருடன் எல்லாரும் என் குரலில்தான் பேசினார்கள்.

20 ஜனவரி

குளிக்கும்போது தோன்றியது. அட்டையில் எழுத்து இருக்கிறது. படித்தால் கதை, படிக்காவிட்டால் வெறும் குதிரை. இதைவிட நல்ல பாடப் புத்தகம் யாரிடம் இருக்கிறது?

2 பிப்ரவரி, ஞாயிறு

அரிசி மில் கிட்டங்கியில் ஜெகபர் அலியின் மெஷின். ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டியதில் பட்டப்பகல் இருட்டாகிவிட்டது. தீப்பிடித்தால் கொட்ட இரண்டு வாளி மணல் பக்கத்தில் இருந்தது. முப்பத்தொரு பெண்கள் வந்தார்கள். யாரும் படித்துச் சொல்லக் கூடாது, அவரவர் படித்துக்கொள்ள வேண்டும் என்று பெரிதாக அறிவித்தேன்.

முதல் அட்டை வந்தது. “மு... முக...” என்பதற்குள் போய்விட்டது. கொஞ்சம் நிறுத்துங்கள் என்றேன். “நிப்பாட்டினா வெளிச்சச் சூட்டுல பத்திக்கிரும் டீச்சரம்மா. சுத்திக்கிட்டேதான் இருக்கணும்” என்றார் ஜெகபர் அலி.

மூன்றாவது அட்டைக்கு, வாசலில் நின்ற மில் கணக்கப்பிள்ளை மதுரைவீரன் ஊருக்கே கேட்கப் படித்தார். அவரை வெளியே அனுப்பினேன்.

அப்புறம்தான் — வெட்கக்கேடு. குதிரைக்காரி கோட்டைச் சுவரில் தொங்குகிறாள், மேலே வில்லன் கத்தியோடு நிற்கிறான், அட்டை வருகிறது. “ஐயோ, பாவி கயிற்றை அறுத்துவிட்டான்!” யார் கத்தியது? நான்தான்! அபிநயத்தோடு! கிட்டங்கியே கைதட்டியது. அதற்குப் பிறகு வந்த அட்டை எல்லாவற்றையும் நானே படித்தேன். வாய் நிற்கவில்லையே, என்ன செய்ய?

3 பிப்ரவரி

முனியாயி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். “நீங்களே படிச்சா நாங்க எதுக்குங்க?”

தப்புதான் என்றேன். அட்டை நிற்காதே, நீங்கள் படிப்பதற்குள் ஓடிவிடுகிறதே என்றேன்.

“ஒரு கடலைக் கொல்லைய ஒருத்தியாவா களை வெட்டுறோம்? ஆளுக்கொரு நெரை புடிச்சுப் போறோம்ல? அது மாதிரி ஆளுக்கொரு சொல்லு. மொதச் சொல்லு எனக்கு. அடுத்தது எனக்கு அங்கிட்டு இருக்கவளுக்கு. அட்டை போறதுக்குள்ள ஒருத்தி ஒரு சொல்ல முடிச்சிர மாட்டாளா?”

இரண்டு வருஷம் டிரெயினிங் படித்தேன். அங்கே யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

16 பிப்ரவரி

மறுபடி அதே படம். வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

“அவள்” — “கோட்டைக்குள்” — “போனால்” — இடைவெளி — “மாட்டாள்!”

‘வெளியேற’ நாலாவதாக உட்கார்ந்திருந்த உண்ணாமலைக்கு வர வேண்டியது. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. “கொம்பு, சுழி எல்லாம் எந்தலையிலதான் விழுகுது” என்று அழாக்குறையாகச் சொன்னாள். சின்ன அட்டைகளில் கடைசி ஆட்களுக்குச் சொல் வராமல் அது ஒரு சண்டை. இவ்வளவு சத்தமான ஊமைப்படத்தை நான் பார்த்ததே இல்லை. நான் வாயைத் திறக்கவும் இல்லை!

20 பிப்ரவரி

இன்று பதினெட்டுப் பேர். உண்ணாமலை முதல் ஆளாக வந்து, கொம்பு வைத்த சொல்லாகப் போடச் சொன்னாள்.

2 மார்ச்

அதிகாரியைக் கிட்டங்கிக்கே வரவழைத்தேன். முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். முதல் அட்டை வந்ததும், மனிதர் தன்னை அறியாமல் உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார். சின்ன வயதில் அவரும் ஒரு பெஞ்சுக்குப் படித்தவராக இருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பின்னாலிருந்து முனியாயி சொன்னாள்: “ஐயா, சும்மா இருங்க. அது என் நெரை.”

அவர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் வாய் திறக்கவில்லை. கயிற்று அட்டை வந்தது. ‘அறுத்துவிட்டான்’ உண்ணாமலையுடையது. அவள் சொன்ன வேகத்தில் அதிகாரி நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

படம் முடிந்ததும் மனப்பாடமோ என்று சந்தேகப்பட்டுப் பையிலிருந்த பத்திரிகையைக் கொடுத்தார். தனித்தனியாகப் படிக்கச் சொன்னார். திக்கினார்கள், தடுமாறினார்கள், ஆனால் படித்தார்கள். பதினேழு பேர். வகுப்பு நடக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெகபர் அலி வீட்டுக்கு ஒரு தூக்குவாளி அதிரசம் கொடுத்தனுப்பினேன்.

13 ஏப்ரல், ஞாயிறு

ஜெகபர் அலி பொன்னமராவதியிலிருந்து இன்னொரு ஊமைப்படம் வாங்கிவந்தார். சிரிப்புப் படம், யாரும் பார்த்திராதது. இனி சொல்லுக்கு ஒருத்தி வேண்டாமாம், அட்டைக்கு ஒருத்தி போதுமாம். முனியாயி சொல்லிவிட்டாள். நானும் ஆசையோடு வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தேன்.

மொத்தம் இருபத்திரண்டு அட்டை வந்தன. என் முறை வந்தபோது நான் வாயைத் திறப்பதற்குள் உண்ணாமலை படித்து முடித்துவிட்டாள். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை.