நைனா செய்த முட்டைப் பெட்டி

என் நைனாவுக்கு,

மேஸ்திரி பெட்டிக்குள் முட்டை போட்டுவிட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அம்மா பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறாள். நான் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். அவள் புரண்டு படுத்தால்கூட வெளிச்சத்தை அணைத்துவிடுகிறேன். ஏனென்றால் நான் உன் பெட்டியை உடைத்துவிட்டேன்.

மேஸ்திரி யார் என்று உனக்குத் தெரியாது. ஆடி மாதம் அச்சரப்பாக்கத்திலிருந்து சட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு பெரிதாக வளரும் பெருவிடைச் சாதிக் கோழிக்குஞ்சுகள் ஐந்து கொண்டுவந்தாயே, அதில் கறுப்பு. கம்பெனி பஸ்ஸில் எல்லாரும், "இன்னாப்பா, ஒன் சட்ட கத்துது?" என்று கேட்டதாகச் சொல்லிச் சிரித்தாய். அந்தக் குஞ்சு இப்போது என் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. கட்டட வேலையைப் பார்க்க வந்த மேஸ்திரி மாதிரி ஒவ்வோர் அடியாக வைத்து நடக்கும். ஐந்தும் பெட்டைதான் என்று அடித்துச் சொன்னாய். ஒன்று சேவல். தினமும் விடியற்காலையில் அதை ஊருக்கே சொல்கிறது.

குஞ்சு வந்த மறுவாரமே நீ பெட்டி அடிக்க உட்கார்ந்தாய். "கோயி முட்ட வுட இன்னும் எத்தினி மாசம் கீது. இப்பவே இன்னாத்துக்கு பொட்டி?" என்று அம்மா கேட்டாள். "வூட்ட ரெடி பண்ணிட்டுதான் பொண்ணு பாக்கணும்" என்றாய். ஒரே பெட்டி, நடுவில் பலகை வைத்து இரண்டு அறை. கம்பெனியில் பாகங்களை அளந்து பார்த்து அனுப்புகிற கை அல்லவா, அந்த நடுப்பலகையிலும் பென்சிலால் ஓ.கே. என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். கொல்லைச் சுவரில் என் தோள் உயரத்தில் மாட்டினாய். பத்தாம் நாள் வேலைக்குப் போன நீ நெஞ்சுவலி வந்து வீடு திரும்பவே இல்லை.

அம்மா அந்தப் பெட்டியைத் தினமும் துடைப்பாள். வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைப்பாள். ஒரு வைக்கோல்கூட இருக்க விடமாட்டாள். சாமி மாடம்போல் பளபளவென்று இருக்கும். எந்தக் கோழிக்கு அதில் உட்காரத் தோன்றும், சொல்.

மாசியில் நாலும் முட்டை விட ஆரம்பித்தன. பெட்டியில் இல்லை. உன் பைக்கை மூடி வைத்திருக்கிற தார்ப்பாய்க்கு அடியில், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில். நாங்கள் போவதற்குள் பக்கத்து வீட்டு நாய் தின்றுவிடும். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமை. போன ஞாயிறு மாமா வந்தார். "இன்னாக்கா, நாய்க்கு நாஸ்தா போடவா கோயி வளக்குற? வித்துத் தள்ளு" என்றார். அம்மா சரி என்றுவிட்டாள். நாளைக்குக் காலையில் அச்சரப்பாக்கத்து ஆள் வந்து ஐந்தையும் பிடித்துக்கொண்டு போவதாகப் பேச்சு. நீ கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவந்தது அதுதானே, நைனா? நான் எப்படி விடுவேன்?

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேஸ்திரி பின்னாலேயே சுற்றினேன். புதன்கிழமை அது தம்கட்டி உன் பெட்டிக்குப் பறந்து ஏறியது. தலை உள்ளே போனது. கழுத்து போனது. நெஞ்சு மாட்டிக்கொண்டது. வாலும் இரண்டு காலும் வெளியே. பின்பக்கமாக இறங்கி, யாரும் பார்க்கவில்லையே என்பதுபோல இறகை உதறிவிட்டு நேராகத் தார்ப்பாய்க்குள் போனது. நான் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது. அதற்கு வேண்டியது தரையோடு தரையாக, அகலமாக, இருட்டாக ஓர் இடம். உன் பெட்டி உயரத்தில் இருந்தது. குறுகலாக இருந்தது. வெளிச்சமாக இருந்தது.

பெட்டியைக் கீழே இறக்கி நடுப்பலகையை எடுத்தால் போதும். ஆனால் அம்மா எப்போதும் சொல்வாள், "உங்க நைனா அளவு எடுத்தா நூல் தப்பாது." அதை எப்படித் தப்பு என்று சொல்வது?

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் வேலை செய்கிற, என்னோடு படிக்கும் செல்வியின் அப்பாவிடம் மாக்கல்லில் ஒரு முட்டை கேட்டேன். உள்ளே ஒரு முட்டை கிடந்தால்தான் கோழி அந்த இடத்தை நம்புமாம். "நான் ஆனை, சிங்கம்லாம் செதுக்குறவன். என்னாண்ட வந்து முட்ட கேக்குற பாரு" என்றார். ஆனால் மறுநாளே செல்வியிடம் கொடுத்தனுப்பினார். உண்மை முட்டையைவிட அழகு.

வியாழன் மாலை, அம்மா ஓட்டல் வேலையிலிருந்து வருவதற்குள், பெட்டியைக் கழற்றி இறக்கிச் செங்கல்மேல் வைத்தேன். சுத்தியலால் நடுப்பலகையைத் தட்டி எடுத்தேன். ஆணி கிரீச்சிட்டபோது உனக்கு வலிப்பதுபோல் இருந்தது. வைக்கோல் போட்டு, கல் முட்டையை வைத்து, முன்னால் கோணித் துண்டைத் தொங்கவிட்டேன். பலகையை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தேன். துடைக்க இறக்கினேன், நாளைக்கு மஞ்சள் குங்குமமும் நானே வைக்கிறேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

இன்று மேஸ்திரி கோணியை அலகால் விலக்கி உள்ளே போனது. அரைமணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் வெளியே வந்து கொக்கரித்தது பார், தெருவே திரும்பியது. பின்னாலேயே இன்னும் இரண்டு பெட்டைகள் போய் முட்டை விட்டன. ஒரு முட்டை மட்டும் வைக்கோலோடு சரிந்து வெளியே உருண்டது. நல்லவேளை, உடையவில்லை. மூன்றையும் கிண்ணத்தில் வைத்து, "பெட்டியிலதான் போட்ச்சி" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். கிண்ணத்தை வாங்கி அடுப்படியில் வைத்தாள்.

படுக்கும் முன் டிரம்முக்குப் பின்னால் கை விட்டுப் பார்த்தேன். பலகை இல்லை.

*

நைனா, விடிந்துவிட்டது. மீதியையும் கேள்.

சுத்தியல் சத்தத்தில் விழித்தேன். அம்மா பலகையைத் திரும்ப நடுவில் அடிக்கிறாள் என்று நினைத்து ஓடினேன். கொல்லையில் அவள் குத்துக்காலிட்டு, வாயில் இரண்டு ஆணியைக் கவ்விக்கொண்டிருந்தாள். நடுப்பலகையைப் பெட்டியின் வாசலில், அடியில், குறுக்காக அடித்திருந்தாள். வைக்கோலும் முட்டையும் இனி வெளியே சரியாது. உன் ஓ.கே. வெளிப்பக்கம் தெரிந்தது.

நான் அழுதுகொண்டே நின்றேன். அவள் ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாத்துக்குடி அழுவுற? உங்க நைனா குஞ்ச பாத்து அளவெடுத்தாரு. கோயிய பாத்திருந்தா அவரே மாத்திருப்பாரு."

பிறகு மாமாவுக்குப் போன் போட்டாள். "அந்த ஆள வர வாணான்னு சொல்லுடா." மாமா ஏதோ கேட்டார். "கோயிங்க குடி வந்துட்ச்சி" என்று சொல்லி வைத்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் முட்டைத் தோசை தின்றோம். பெட்டிக்குள் மேஸ்திரி இருந்ததால் சத்தம் போடாமல் சிரித்தோம்.

மேஸ்திரி அடை காத்துப் பொரிக்கிற குஞ்சுகளுக்கு அடுத்த பெட்டியை நான் செய்வேன், நைனா. முதலில் கோழியைத் தூக்கி அளப்பேன். அளந்த பிறகு பலகையில் எழுதுவேன். உன் கையெழுத்து மாதிரியே போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நீ அளவெடுத்தபோது சின்னவளாக இருந்த
உன் மகள் தேவி