அய்யம்மாள் பேருக்கு நான் கொடுத்த குரல்

தை 12, 2007

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அய்யாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அப்படியே இருக்க மாரியாத்தா துணை. மல்லாங்கிணற்றுச் சித்திக்குப் பேரன் பிறந்திருக்கிறான். போனில் நீ என்னம்மா குரல் ஒரு மாதிரி என்று கேட்டபோது அய்யா பக்கத்தில் இருந்தார், அதனால் எழுதுகிறேன்.

பஞ்சாயத்து எலெக்சனில் எங்கள் பட்டாசுக் கம்பெனி போர்மேன் கண்ணுச்சாமி நான்கு ஓட்டில் தலைவரானான் அல்லவா, செத்தவர்கள் பேரில் கள்ள ஓட்டுப் போடவைத்தான், அவன் ஜெயித்தது செல்லாது, இனி நிற்கவும் கூடாது என்று தோற்ற சங்கிலிமுத்து கேஸ் போட்டிருக்கிறார். அப்படிக் கள்ள ஓட்டுப் போட்டதில் நானும் ஒருத்தி. போன வருஷம் வெடிவிபத்தில் செத்த நம் அய்யம்மாள் பேரில் போட்டேன். கண்ணுச்சாமி ஓட்டுச் சிலிப்பைக் கையில் திணித்து, போடாவிட்டால் வேலைக்கு வராதே என்றான், போய்விட்டேன், என்ன ஈனப் பிழைப்பு பார்.

உனக்குத் தெரியும், காலையில் கம்பெனியில் பேர் கூப்பிடும்போது அவள் பிந்தினால் நான் "இருக்கேன்" என்பேன், நான் பிந்தினால் அவள். வெடித்த அன்று எங்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, உள்ளே யாரும் மாட்டிக்கொண்டார்களா என்று பேர் பேராகக் கூப்பிட்டார்கள். அவள் பேர் வந்ததும், தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள் என்று நினைத்து என் பாழாய்ப்போன வாய் "இருக்கேன்" என்றுவிட்டது. ஆள் கணக்குச் சரி என்று யாரும் உள்ளே தேடவில்லை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் நான்காம் ரூமில் அவள் கிடந்ததைப் பார்த்தார்கள். அய்யாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. பூத்தில் அதிகாரி அவள் பேரைச் சத்தமாக வாசித்தபோதும் அதே வார்த்தைதான் வந்தது. அன்றிலிருந்து உலை வைக்கும்போதுகூட யாரோ அவளைக் கூப்பிடுவதுபோல் கேட்கிறது. விரல் மை எப்போதோ போய்விட்டது, நான்தான் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிற திங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். நேற்று கண்ணுச்சாமி வீட்டுக்கே வந்து, "நான் போடலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க மதினி, என் பதவியும் நிக்கும், ஒங்க வேலையும் நிக்கும்" என்றான். சிலிப்பைத் திணித்த அன்றைக்கு வாடி போடி என்றவன்தான். அந்நேரம் அய்யம்மாள் மகள் இசைவாணி தெருவில் போனாள், எப்போதும்போல் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. வேலை போகட்டும், என் மேலும் கேஸ் வரட்டும், உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன்.

மகராசியாய் இரு, பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், அய்யாவிடம் இப்போது எதையும் கேட்காதே. திங்கட்கிழமை காலையில் மறக்காமல் என்னை நினைத்துக்கொள் தாயி. கோர்ட்டில் அய்யம்மாள் பேரை வாசிப்பார்கள். அவள் இல்லை என்று நான் சொல்ல வேண்டும். அன்றைக்கே சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாளோ என்னவோ.

உன் அம்மா
வெள்ளைத்தாய்