உன் இடத்தில் இப்போது ரிஹானா ஓடுகிறாள்

என் உயிரான தங்கச்சி பஸீலாவுக்கு, உன் ராத்தாவின் ஸலாம். அல்லாஹ் நீ உறங்குகிற கபுறை விசாலமாக்கி, வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. நேரில் சொல்லியிருந்தால் முதலில் நீ நம்பியிருக்க மாட்டாய். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். நம் வலைப்பந்து அணியில் நீ விளையாடிய நடு இடத்தில் இப்போது உன் மதினி ரிஹானா விளையாடுகிறாள். ஓம், அவளேதான். உன் மாப்பிள்ளைக்கு மூத்த ராத்தா. நீ விளையாட்டுச் சப்பாத்தைக் கையில் எடுத்தாலே வீட்டுக்குள் இருந்து ஏசத் தொடங்குவாளே, அவள்.

எப்படி நடந்தது என்று கேட்கிறாயா? கொஞ்சம் பொறு, முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ டெங்குக் காய்ச்சலில் படுத்தாய், ஒரு கிழமை முடிய முந்தியே போய்விட்டாய். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு நம் அணிப் பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். "இனி நீங்கதான் ராத்தா நடத்தணும்" என்றார்கள். நான் கோல் காக்கிறவள். கம்பத்தடியில் நின்று வருகிற பந்தைத் தட்டிவிடத்தான் எனக்குத் தெரியும். பயிற்சி எல்லாம் உன் பாடாகத்தானே இருந்தது? நீ ஒருத்தி மைதானத்துக்குள் வந்தாலே பத்துப் பேர் வந்த மாதிரி இருக்கும். என் குரலோ பக்கத்தில் நிற்கிறவளுக்கே கேட்காது.

ஆனாலும் தொடங்கினேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பாடசாலை மைதானத்துக்குப் போவேன். எல்லாரும் வரும்வரை காத்திருப்போம். பிறகு உன்னைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். யாராவது ஒருத்திக்குக் கண் கலங்கும். அதற்குப் பிறகு வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருத்தியாகப் பந்தை எறியச் சொல்வேன். ஒருத்தி எறிவாள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பயிற்சி என்று சொன்னேனே தவிர, அது உன் துக்க வீட்டின் மிச்சமாகத்தான் இருந்தது. ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்றாள் ஒருத்தி. விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றாள் இன்னொருத்தி. நான் யாரைக் குறை சொல்ல?

கடைசியில் நிலூகாதான் வாயைத் திறந்தாள். அந்தக் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளையை உனக்கு நல்லாகத் தெரியும். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் வேறொன்று பேச அவளுக்கு வராது.

"அக்கா, கோவிச்சுக்கொள்ளாதீங்க. காலையில மீன் ஏலத்தில நிக்கிறன். பின்னேரம் தண்ணி பவுசருக்கு வரிசையில நிக்கிறன். இங்கயும் வந்து வரிசையில நிக்கிறதா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அப்ப நீ வந்து நடத்து" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விடும்போது யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் பயிற்சி முழுக்க நிலூகாவின் கைக்குப் பந்து எத்தனை தரம் போனது? விரல் விட்டு எண்ணிவிடலாம். கடலுக்குப் போய் வந்த புருஷனுக்குச் சோறு வைத்து, பிள்ளையை மாமியிடம் விட்டு, ஓடுவதற்கென்று வருகிறவளை நான் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றினேன்.

யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அஸர் முடிந்து நாலு பேர் வந்தால் நாலு பேரோடு தொடங்கிவிடுவேன். ஒவ்வொருத்தியும் இடுப்பில் ஒரு துணித்துண்டை வால் மாதிரிச் சொருகிக்கொள்ள வேண்டும். தன் வாலைக் காப்பாற்றிக்கொண்டு மற்றவளின் வாலைப் பறிக்க வேண்டும். அவ்வளவுதான். உடம்பைச் சூடாக்குங்கள் என்று சொன்னால் கையை ஆட்டிக்கொண்டு கதைத்துக்கொண்டு நிற்கிற அதே பெண்கள், வாலைப் பறிக்கப் போகிறார்கள் என்றால் மைதானத்தைச் சுற்றிப் பறக்கிறார்கள். பிந்தி வருகிறவர்களுக்கு விளையாட்டில் பாதி போய்விடுகிறது. அதனால் இப்போது யாரும் பிந்தி வருவதில்லை.

அது முடிந்ததும் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்துவிடுவேன். மூன்று பேர் பந்தை வைத்திருக்க ஒருத்தி நடுவில் நின்று பறிப்பாள். கூட்டத்துக்கு ஒரு பந்து. நம்மிடம் நல்ல பந்து ஒன்றுதானே? மிச்சத்துக்கு உரிந்த பழைய பந்து, பிள்ளைகளின் பிளாஸ்டிக் பந்து எல்லாம் வந்தன. யாரும் சும்மா நிற்கக் கூடாது என்பது ஒரு சட்டம். எறிய முந்திப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், கூப்பிடாமல் எறிந்தால் பந்து மற்றப் பக்கத்துக்கு என்பது இன்னொரு சட்டம். விளக்கம் சொல்வதையும் குறைத்துவிட்டேன். ஒரே மூச்சில் சொல்ல முடியாத எதையும் மைதானத்தில் சொல்வதில்லை. ஒரு பயிற்சி அலுக்கத் தொடங்குவது முதலில் கண்களில்தான் தெரியும். அது தெரிய முதலே அடுத்ததுக்கு மாற்றிவிடுவேன்.

பிறகு சோழகக் காற்று வந்தது. நம் ஆலங்குடாவில் அந்தக் காற்று எப்படி என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பறக்கிற காற்று, நம் பந்தைச் சும்மா விடுமா? உயர்த்தி எறிந்த பந்தெல்லாம் மதிலுக்கு அப்பால் போனது. முன்னே என்றால் அந்த மாதங்களில் பயிற்சியைக் குறைத்துவிடுவோம். இம்முறை நான் விடவில்லை. நெஞ்சிலிருந்து நேராக, தாழ்வாக, பலமாக எறியச் சொன்னேன். காற்றுக்கு எதிர்ப்பக்கம்தான் எல்லாரும் கூடுதலாக விளையாடினோம். கை பழகிவிட்டது.

கடைசியில் எப்போதும் ஒரு ஆட்டம். ஒரு பக்கத்திடம், "நீங்க ரெண்டு கோல் பின்னால நிக்கிறீங்க. மஃரிப் பாங்கு சொல்ல முந்தி எடுங்க பாப்பம்" என்பேன். அந்த நேரம் அவர்கள் போடுகிற சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேட்கும். பாங்கு சொன்னதும் நிறுத்திவிடுவேன். இன்னும் கொஞ்சம், ராத்தா, இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுவார்கள். அந்த ஆசையோடேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

அந்தச் சத்தம்தான் ஒருநாள் ரிஹானாவை மைதானத்துக்குக் கொண்டுவந்தது. மதிலுக்கு அடுத்ததுதானே உங்கள் வீடு? வாசலால் நேரே நடுமைதானத்துக்கு வந்து நின்றாள்.

"என்ட வூட்டுல ஒரு மௌத்து நடந்து வருஷம் திரும்பல்ல. என்ட தம்பி இன்னும் ஒழுங்காச் சோறு திங்கிறானில்ல. உங்களுக்கு இங்க சிரிப்பும் கூத்துமா?"

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பஸீலா, நான் பந்தைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் போனேன். அவள் கேட்டதில் நியாயம் இருந்ததா இல்லையா? உன்னை மறந்துதான் நாங்கள் சிரித்தோமா? 

"பஸீலா இங்கதான் ஆகலும் கூடச் சிரிச்சவ" என்றேன். "ஏசுறதெண்டா ஏசுங்க மதினி. ஆனா ஒரு நாளைக்கு இருந்து பாத்துட்டு ஏசுங்க."

போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. மதிலோரம் உட்கார்ந்தாள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. நான் ஆட்டத்தைத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் போனது. அங்கிருந்து ஒரு சத்தம்.

"அந்தப் பக்கம் ஒருத்தி தனிய நிக்கிறாளே, கண் தெரியல்லயா உங்களுக்கு!"

திரும்பிப் பார்த்தால் உண்மைதான். நிலூகா யாருமில்லாத இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பந்து அவளுக்குப் போனது, கோலும் விழுந்தது. பிறகு ரிஹானா வாயை மூடவேயில்லை. இவளுக்கு எறி, அவளை மறி, பின்னால பாரு! யார் எங்கே வெறுமையாக நிற்கிறாள் என்று எங்களுக்கு முந்தி அவளுக்குத் தெரிந்தது. கருவாட்டு வாடியில் இத்தனை வருஷம் நின்று, காயப் போட்ட மீனையும் காகத்தையும் வேலையாட்களையும் ஒரே பார்வையில் பார்த்துப் பழகிய கண் அல்லவா?

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். நீ போன பிறகு உன் மேல்சட்டையை ஒருத்தியும் போடவில்லை, தெரியுமா? நடு இடத்துக்கான அந்த எழுத்துப் போட்ட சட்டையைத் தொடவே பயந்தார்கள். பயிற்சியில் யார் நடுவில் நின்றாலும் சட்டையில்லாமல்தான் நின்றாள். மூன்றாம் நாள் நான் அதை எடுத்துக்கொண்டு போய் ரிஹானாவிடம் நீட்டினேன்.

"எனக்கா? விசரா உங்களுக்கு? நான் அவளுக்கு ஏசினவ."

"ஓம். அந்த வாய்தான் எங்களுக்கு வேணும்."

என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். பிறகு அபாயாவுக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். முதல் நாள் பந்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள், பந்தோடு நடப்பது பிழை என்றால் என்னோடு சண்டைக்கு வந்தாள். ஆனால் படித்துக்கொண்டாள். உன்னைப் போல அவளுக்கு ஓட வராது. ஆனால் அவள் நடுவில் நின்றால் மற்ற ஆறு பேரும் ஓடுகிறார்கள்.

போன மாதம் புத்தளத்தில் நாலு அணிகளுக்குப் போட்டி. முதல் ஆட்டம் தில்லையடி அணியோடு. அவர்கள் நல்ல உயரம், நல்ல பழக்கம். கடைசிப் பகுதி தொடங்கும்போது நாங்கள் இரண்டு கோல் பின்னால்.  ரிஹானா திரும்பி நின்று கத்தினாள்: "ரெண்டு கோல்தானே புள்ளயள்! இதத்தானே நாங்க ஒவ்வொரு நாளும் விளையாடுற!" தில்லையடிப் பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள், நம்மவர்கள் அப்போதுதான் தொடங்கினவர்கள் மாதிரி ஓடினார்கள். வென்றோம், பஸீலா! நம் அணி வென்ற முதல் ஆட்டம். உன் மாப்பிள்ளை வேலிக்கு வெளியே நின்றார். விசில் ஊதியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் குளிர்ந்த சோடா வாங்கிக்கொண்டு வந்தார்.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். ஒரு கோலால். பெரிய அணி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது வேனில் ரிஹானாவும் நானும் ஒரே இருக்கையில். பாலாவி உப்பளம் தாண்டும்போது ரிஹானா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "அவ விளையாடிட்டு வந்தா குசினியில பாடிக்கொண்டுதான் ஆக்குவா. எனக்கு அந்தப் பாட்டுத்தான் பொறுக்கல்ல ராத்தா. எனக்கு அப்பிடிப் பாட ஒண்டும் இருக்கல்ல." கொஞ்ச தூரம் போனதும், "இப்ப நானும் பாடுறன். தம்பி சிரிக்கிறான்" என்றாள்.

இது உனக்கு முன்னமே தெரிந்திருந்ததா, பஸீலா? அவள் ஏசும்போதெல்லாம் நீ திருப்பிப் பேசாமல் சிரித்துக்கொண்டு போனது அதனால்தானா?

இந்தக் கிழமை எத்தாளையிலிருந்து சில பெண்கள் வந்தார்கள். அவர்களும் ஒரு அணி தொடங்குகிறார்களாம். "எங்களுக்கும் வந்து சொல்லித் தாங்க" என்றார்கள். நான் யோசிக்கவேயில்லை, ஓம் என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எனக்குத் தெரிந்தது எதையும் ஒளிக்காமல் அவர்களுக்குக் கொடுப்பேன். ஒரு நாள் அவர்கள் வந்து நம்மையே தோற்கடித்தால், அந்த மைதானத்தில் ஆகலும் பலமாகக் கை தட்டுகிறவள் நானாகத்தான் இருப்பேன்.

துஆவோடு,
உன் பெரியம்மா மகள், உன் ராத்தா
மர்லியா