நடு மாதத்து வலி

செவ்வாய் இரவு

வெங்காய விலையால் டில்லியில் ஆட்சி போன வருஷம் அது. எனக்கு எழுதத் தெரியாது; சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது. அப்போது ஒரே கட்டட வேலையில் என் மனைவி செல்லி செங்கல் சுமந்தாள், எனக்கு ராக்காவல். ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லை.

மாதத்தின் நடுவில் ஒரு நாள் செல்லி வேறொருத்தி ஆகிவிடுவாள். அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று இழுக்கும். நனைந்த சிமென்ட் வாசனைகூட அவளுக்கு மணக்கும். காரணமில்லாமல் சிரிப்பாள், உடனே கண் கலங்குவாள். கனவில் நடப்பவள் போலச் சாரத்தில் ஏறுவாள்.

கூடச் சுமந்த மூன்று பெண்களும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

“மூஞ்சியப் பாருங்கடி, மினுக்குது! ஜல்தி வீட்டுக்குப் போடி, ஒன் கல்ல நாங்க சுமக்குறோம்.”

அவர்களில் ராக்கம்மா என்னிடமே வந்தாள். “அண்ணே, இன்னிக்கு எங்க வீட்டுக்காரரு காவல் இருப்பாரு. கட்டடம் எங்கயும் ஓடாது, நீங்க ஓடுங்க.”

அப்படிப் பிறந்தவள்தான் என் மகள். அவளுக்கும் கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை.

“ஒரு பக்கமா இழுக்குதுப்பா, பயமா இருக்கு,” என்றாள் இன்று மாலை.

எனக்குத் தெரியும், அது பிள்ளை தங்குகிற நாளின் வலி. அப்பன் வாயால் எப்படிச் சொல்வது? செல்லி இப்போது உயிரோடு இல்லை. கூடச் சுமந்த அந்த மூவரில் இருவரும் செத்துப் போய்விட்டார்கள். விடிந்ததும் போன் போட்டு மகள் கையில் தர வேண்டும். மிச்சமிருப்பது ராக்கம்மா ஒருத்திதான்.