பதிவு உன் பெயரில்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் மனைவியும் சின்னவளும் நலம்தானே? மின்னஞ்சலை விட்டுவிட்டுக் காகிதத்தில் எழுதுகிறானே என்று சிரிப்பாய். சிரி. உறையை ஒட்டும்போது அதை யார் பிரிக்கப்போகிறார்கள் என்றாவது எனக்குத் தெரியும்.

என் வலைப்பூவில் மூன்றாவது பதிவையும் நீக்கிவிட்டார்கள். நம் நிறுவனம் (எனக்கு முன்னாள், உனக்கு இன்னும் சம்பளம் தருவது) கட்டிய ஆஸ்பத்திரியின் தூண்களைப் பற்றி எழுதியிருந்தேன். யாரோ புகார் கொடுத்தார்களாம். இலவசமாக உட்கார இடம் தந்தவன் எப்போது வேண்டுமானாலும் எழுந்திரு என்பான். இனி சொந்த சர்வரில் எழுதலாம் என்றிருக்கிறேன். பதினாறு வருடம் பரிசோதனைக் கூடத்தில் கான்கிரீட் கட்டிகளை உடைத்துப் பார்த்தவனுக்கு இதைக் கற்றுக்கொள்வது பெரிய காரியமில்லை.

உனக்கு இதெல்லாம் தெரியும் என்பதால் கேட்கிறேன். அந்தத் தூண்கள் பலமில்லை என்று சொன்னதற்காக என்னை வேலையை விட்டு அனுப்பிய விசாரணைக் குழுவிடம் "அண்ணனுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல சார்" என்று சொன்னவன் நீ. என் மனசை விடு. சர்வரைப் பற்றி மட்டும் சொல்.

உன் அண்ணன்


பிப்ரவரி 11

அன்பு அண்ணனுக்கு,

ஏழு வருடமாக எந்தக் கடிதத்திலும் அந்த வரி தவறுவதில்லை. நான் சொன்னது தப்பு. வேலை போய்விடும் என்ற பயத்தில் சொன்னேன். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இருக்கிற இடத்திலேயே இருங்கள். பேக்கப், பாதுகாப்பு எல்லாம் அவர்கள் தலைவலி. ஒரு பதிவு போனால் அந்தப் பதிவோடு போயிற்று. சொந்த சர்வர் என்றால் நடுவில் புகார் வாங்க ஆள் கிடையாது. தள முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் விலாசத்தைத் தேடிப் பிடித்து நேரே வந்துவிடுவார்கள். புனைபெயரில் எழுதினாலும் அதுதான் கதி.

இவளிடம் சொன்னேன். "உங்க அண்ணன் எழுதாம இருக்க மாட்டார். எங்கயாவது எழுதட்டும், நம்ம வாசல்ல வேண்டாம்" என்கிறாள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்
தம்பி


பிப்ரவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

யோசித்துவிட்டேன். சொந்த சர்வர்தான். தள முகவரியை உன் பெயரில், உன் வீட்டு விலாசத்தில் பதிந்து கொடு. என் பெயரைப் பார்த்தால் மறுநாளே வக்கீல் நோட்டீஸ் வரும். வரைபடப் பிரிவில் தலை நிமிராமல் வேலை பார்க்கிற உன்னை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும் இருக்கட்டும்.

உன்னால் முடியாது என்றால் சொல்லிவிடு. அதுவும் எனக்குப் பழகியதுதான்.

உன் அண்ணன்


மார்ச் 29

அன்பு அண்ணனுக்கு,

நீங்கள் கேட்டபடி பதிந்து கொடுத்தேன். ஆஸ்பத்திரிப் பதிவு மறுபடி வந்து பத்து நாள் ஆகிறது. ஆறு நாளாக எங்கள் தெருவில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள். பிரச்சினை எதுவும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுக்கும்போது ஒதுங்கிக்கூடக் கொடுக்கிறார்கள்.

நேற்று சின்னவள் பள்ளியிலிருந்து வரும்போது ஒருவன் இறங்கி, "அப்பா நல்லா எழுதுவாராமே பாப்பா. வீட்ல எந்த ரூம்ல உக்காந்து எழுதுவாரு?" என்று கேட்டிருக்கிறான். சின்னவளும் பெருமையாகக் கையை நீட்டி ஜன்னலைக் காட்டியிருக்கிறாள்.

அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தள முகவரியை உங்கள் பெயருக்கு மாற்றச் சம்மதித்து ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் சரியென்று சொல்லாமல் நான் எதையும் தொட மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

பதிவை எடுக்க மாட்டேன். உண்மையை எழுதியிருக்கிறேன். அடுத்த பதிவில் தூண்களின் சோதனை முடிவுகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தானாக வெளியாகும்படி குறித்துவைத்திருக்கிறேன். பெயர் மாற்றத்தைப் பிறகு பார்க்கலாம்.

பயமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. பக்கத்தில் நிற்க ஒருவன் இருந்திருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும். ஜன்னலைச் சாத்தி வை.

அண்ணன்


ஏப்ரல் 14

அன்பு அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே அலுவலகத்தில் மேல்மாடிக்குக் கூப்பிட்டார்கள். தள முகவரிக்கான பதிவுத் தாளை மேஜையில் வைத்து, எழுதுவது யார் என்று கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொல்லியிருந்தால் என்னை அப்போதே விட்டுவிட்டிருப்பார்கள். அது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

"நான்தான் எழுதினேன். எங்க அண்ணன் மனசுல அன்னைக்கும் ஒரு கோளாறும் இல்ல. நான் சொன்னது பொய்" என்றேன்.

இயக்குநர் சிரித்தார். காபி வரவழைத்துக் கொடுத்தார். டிரைவரைக் கூப்பிட்டு, "சாரை எங்க விடணுமோ அங்க விட்டுடு" என்றார். நடந்தே போகிறேன் என்று வந்துவிட்டேன். அன்றிலிருந்து வெள்ளைக் கார் தள்ளி நிற்பதில்லை, எங்கள் வாசலிலேயே நிற்கிறது.

இவளையும் சின்னவளையும் அனுப்பிவிட்டேன். எங்கே என்று இதில் எழுதவில்லை. பதிவுகளை நீக்காதீர்கள். நான் எழுதியதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

தம்பி


மே 2

என் அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே, எல்லாம் நான் எழுதியது என்று என் பெயர், படம், விலாசத்தோடு தளத்தில் போட்டேன். அலுவலகத்தில் விசாரித்தேன். பதினைந்தாம் தேதியிலிருந்து நீ வரவில்லை என்றார்கள். காவல் நிலையத்தில் போய்ச் சொன்னேன். தளத்தின் பதிவு யார் பெயரில் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். "அப்ப உங்களுக்கு என்ன சார் சம்பந்தம்?" என்றார் எழுத்தர்.

ஒன்றை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வக்கீல் நோட்டீசுக்கு நான் என்றைக்கும் பயந்ததில்லை. யாராவது வந்து கதவைத் தட்டினால் உன் வீட்டுக் கதவாக இருக்கட்டும் என்றுதான் உன் பெயரில் பதியச் சொன்னேன். தட்ட வேண்டும் என்பதோடு என் நினைப்பு நின்றுவிட்டது. அதற்கு மேல் நினைத்துப் பார்க்கவில்லை.

இதை உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். தெருவில் எந்தக் காரும் இல்லை. கதவின் தபால் துவாரம் வழியாகப் பார்த்தேன். உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு, சென்ற மாதம் நான் போட்ட இரண்டு கடிதங்களும் பிரிக்காமல் தரையில் கிடக்கின்றன. இதையும் அவற்றின் மேல் போடுகிறேன்.

அண்ணன்